முதுகு பூசாத பொம்மர்

பூவரசங்குடாவில் நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அந்தப் பொம்மரை ஓட்டத் தெரியும். கருவாடு காயப்போடுகிற பெண்களுக்குத் தெரியும், வலை பொத்துகிற கிழவர்களுக்குத் தெரியும், சைக்கிளே ஒழுங்காக ஓட்டத் தெரியாத எனக்கும் தெரியும். குண்டு போட்டு எங்களை ஒன்றரை வருடம் மண்ணுக்குள் குந்தவைத்த அதே பொம்மர் விமானந்தான். அதன் சுக்கானைப் பிடித்தபோது நாங்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும், ஆனால் வெட்கப்படவில்லை, வரிசையில் நின்று சண்டை பிடித்து முறை வாங்கினோம். ஏன் அப்படிச் செய்தோம், அது கடைசியில் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் முதல் பிழை விட்டவன் நான்.

எங்கள் ஊர், களப்பு என்கிற உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டி. சண்டைக் காலத்தில் மாதா கோயிலடிப் பூவரசு மரத்தில், வெடித்து முடிந்த குண்டொன்றின் வெற்று இரும்புக் கோதைக் கட்டித் தொங்கவிட்டு, அதை எங்கள் மணியாக்கி, அதன் கீழே இரவு பகல் முறைவைத்து ஓர் ஆளை நிறுத்தினோம். அந்த ஆளுக்கு ஒரேயொரு வேலை, காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பது. பொம்மரின் சத்தம் கேட்டால் இரும்புக் கம்பியால் அந்தக் கோதில் அடிப்பான், ஊர் முழுக்கப் பங்கர்க் குழிகளுக்குள் இறங்கிவிடும். கண்ணால் பார்த்து அடிப்பதென்பது எங்களிடம் இல்லை, பொம்மர் கண்ணுக்குத் தெரிகிற நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிடும் என்பதால் நாங்கள் எல்லோரும் காதாலேயே வாழப் பழகியிருந்தோம். பெரும்பாலும் அது இரண்டாக வரும், முதலாவது இரைந்துகொண்டு ஒரு சுற்றுச் சுற்றும், இரண்டாவது குண்டு போடும், இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரந்தான் எங்கள் ஆயுள். சில நாட்கள் மட்டும், ஏனென்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை, ஒன்று தனியாக வந்து, ஒரு குண்டும் போடாமல், தாழப் பறந்து, காலை முழுக்கக் கூரைகளுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். குண்டு போட்டவனை விட அந்தப் பார்த்துக்கொண்டு போனவனைத்தான் நாங்கள் கூடுதலாகத் திட்டினோம்.

பத்தொன்பது பேர் செத்த காலையில் மணி அடிக்கவில்லை. ஆறு மணிக்கு என் முறை முடிந்து, கம்பியை அமலதாஸின் கையில் கொடுத்துவிட்டு நான் போனேன். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கலியாணம் முடித்துப் பதினொரு மாதம். கோயில் கூரையில் களப்புப் பக்கமாக விழுந்திருந்த ஓட்டைக்கு அன்றுதான் ஒரு புது நீலத் தறப்பாள் கிடைத்திருந்தது. ஆறரைக்கு நானும் இன்னும் மூன்று பேரும் ஏறி அதைக் கட்டிவிட்டு, ஊரின் மற்ற முனையில் நிவாரண வரிசைக்குப் போய்விட்டோம். இரண்டு மணித்தியாலந்தான் அந்தத் தறப்பாள் அங்கே கிடந்தது. எட்டரைக்கு ஒரேயொரு இரைச்சல் கேட்டது, கேட்ட கையோடு குண்டும் விழுந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பங்கர் வாசலுக்கு இருபதடி தூரத்தில், ஓட நேரம் இருந்தவர்கள், ஓடிப் பழகியவர்கள், ஒருவர்கூட ஓடாமல், வெட்டவெளியில் கூட்டமாக நின்ற இடத்திலேயே கிடந்தார்கள். என் அக்கா அதில் ஒருத்தி. அமலதாஸின் மனைவி மெற்றில்டா இன்னொருத்தி.

அவன் மட்டும் மரத்தடியில் கையில் கம்பியோடு உயிருடன் இருந்தான். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டோம். அவன் சொன்னது இதுதான்: "முதலாவது சத்தமில்லாமல் வந்தது. சத்தம் வரும் வரும் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு நிண்டனான். வரேல்லை."

பொம்மர் சத்தமில்லாமல் வருமா என்று நான்தான் முதலில் கேட்டேன். நித்திரையாகியிருப்பான் என்று நான்தான் முதலில் சொன்னேன். அதைப் பார்த்த மற்ற எல்லோரும் செத்துப்போனதால் அவனுக்குச் சாட்சி இல்லை, என் சொல்லுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

பதினேழு வருடம் அவன் அந்தச் சொல்லோடு எங்கள் நடுவிலேயே இருந்தான். சண்டை முடிந்து, முகாமிலிருந்து திரும்பிவந்து, தகரக் கொட்டில்கள் கல்வீடாகி, கோயிலும் புதிதாக எழும்பிய பிறகு, அவன் சந்தியில் ஒரு கொமினிகேஷன் கடை போட்டான். படப்பிரதி எடுப்பான், பாஸ்போர்ட் போட்டோ எடுப்பான், எல்லாவற்றையும் விட நன்றாக அஞ்சலிப் பிரசுரம் செய்வான். படமே இல்லாமல் செத்தவர்களுக்குத் தம்பியின் கண்ணையும் மகளின் நாடியையும் எடுத்து ஒட்டி, வாழ்நாளில் சட்டை போடாத கடற்தொழிலாளிக்குக் கோட்டும் டையும் கட்டி, இவர்தான் இவர் என்று வீட்டார் அழுகிற மாதிரி ஒரு முகம் உண்டாக்கிக் கொடுப்பான். நாங்கள் அந்தப் படங்களை அவனிடம் செய்வித்து வாங்கினோம், ஆனால் ஒரு சவப்பெட்டியைத் தூக்கவும் அவனை விடவில்லை. ஆண்டுத் திருப்பலியில் பத்தொன்பது பெயரும் வாசிக்கும்போது அவன் கோயிலுக்கு வெளியே நிற்பான், உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சுவிஸிலிருந்து அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி அனுப்பிய பழைய கணினியில் போர்விமான விளையாட்டு ஒன்று இருந்தது. உலகத்தில் நடந்த எல்லாச் சண்டைகளின் விமானங்களும் அதில் உண்டாம், அவற்றுக்கு மேலே நிறம் பூசுவதற்கென்றே இணையத்தில் குழுவாகச் சேர்ந்த ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டாம், அந்தப் பூச்சை அவர்கள் ஸ்கின் என்பார்கள், நாங்கள் பெயின்ட் என்றே சொன்னோம். விளையாடுவதை விட அந்தப் பெயின்டுக்குத்தான் அவர்கள் உயிரைவிட்டார்கள். பழைய போட்டோக்களைத் தேடி எடுத்து, சாம்பல் நிறத்தில் இது எந்தச் சாம்பல் என்று மாதக்கணக்கில் வாதாடி, ஆணிகளை எண்ணி, புகை எந்தப் பக்கம் படிந்தது, விமானி ஏறும் கண்ணாடி மூடிக்குக் கீழே அவன் பெயரை எந்த எழுத்தில் எழுதினார்கள் என்பது வரை ஆதாரம் கேட்டார்கள். செத்தவர்களின் முகத்தை ஒட்டுப்போட்டுப் பழகிய அமலதாஸுக்கு அந்தக் கூட்டம் பிடித்துக்கொண்டது. எங்கள் பொம்மரை ஏற்கனவே ஒருவர் பூசியிருந்தார், கடையிலிருந்து இறக்கின தட்டு மாதிரி மினுமினுத்த வயிறு. அவன் அதை அழித்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து பூசினான். அன்று வந்தது எது என்று ஆணி ஆணியாக நிறுவிவிட்டால், அது எப்படி வந்தது என்பதையும் ஒருநாள் நிறுவலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

ஆதாரமான போட்டோ எங்கே என்று அந்தக் குழுவில் கேட்டார்கள். "நான் அதற்குக் கீழே நின்றேன்" என்று அவன் எழுதினான். இரண்டு நாள் கழித்து, பின்லாந்திலிருந்து ஒரு கிழவர், அது போதும் என்று எழுதினார்.

செய்தி பரவி நாங்கள் ஒவ்வொருவராகக் கடைக்குப் போனோம். படப்பிரதிக்கு வந்த மாதிரி வந்து, மெல்லக் கதையை அந்தப் பக்கம் திருப்பி, தான் கண்டதை ஒவ்வொருவரும் சொன்னார்கள். தோணி முதலாளி சந்தியோகுச் சம்மாட்டி, பங்கர் வாசலில் மல்லாந்து கிடந்தபோது வாலடியில் புகை வலப்பக்கமாகச் சரிந்து படிந்திருந்ததைச் சொன்னார். நான், வயிற்றின் நடுத்தகடு மற்றத் தகடுகளை விட வெளிறியிருந்ததைச் சொன்னேன். ஊர் முழுக்கக் கூடி அந்த வயிற்றைப் பூசினோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றரை வருடம் எங்களுக்குத் தெரிந்த வானம் அதுதான். முதுகை மட்டும் யாரும் பார்த்ததில்லை. மேலே என்ன நிறம், அங்கே இருந்தவன் யார், அவன் பெயரை எந்த இடத்தில் எழுதியிருந்தார்கள், ஒருவருக்கும் தெரியாது. தெரியாததை அமலதாஸ் பூசமாட்டான். முதுகு வெறும் தகரமாகவே கிடந்தது.

கடைசிச் செய்தியைத் திரேசம்மா கொண்டுவந்தாள். அவளுடைய புருஷன் வஸ்தியாம்பிள்ளை பிறவியிலேயே காது கேளாதவர், பத்தொன்பது பேரில் ஒருவர். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தவள், இடப்பக்கச் செட்டையின் கீழ் இலக்கத்தின் கடைசித் தானத்தை அழித்து, மேலே வேறு சாம்பலால் பூசியிருந்ததைத் தான் கண்டதாகச் சொன்னாள். அவன் அவளை இருக்கச் சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே அதைப் பூசி, பொம்மரை வானத்தில் ஏற்றிப் பார்த்தான். அதுவரை அந்த விளையாட்டில் எப்போதும் கீழே தெரிந்தது எங்கோ ஒரு பாலைவனம். அன்று காலை பத்து மணிக்குக் கீழே எங்கள் ஊர் தெரிந்தது.

இப்போதைய ஊர் இல்லை. கிடுகு வேலிகளும், பழைய கோயிலும், என் அக்காவின் முற்றத்தில் நின்ற கறிமுருங்கையும், கரையில் கவிழ்ந்து கிடந்த தோணிகளுமாக, பதினேழு வருடத்துக்கு முந்தின ஊர். ஆட்கள் நடமாடினார்கள். திரேசம்மா திரையில் கையை வைத்து, இது எங்கட வீடு என்றாள், அவன் ஓம் என்றான்.

அடுத்தது சத்தந்தான். கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து அந்த இரைச்சல் கிளம்பியதும் சந்தி முழுக்க நிலத்தில் விழுந்தது. தேநீர்க் கடைக்காரர் அடுப்படியில் விழுந்தார், மீன் விற்றுக்கொண்டு நின்றவர் மீனுக்கு மேலேயே விழுந்தார், நான் தபால் பெட்டிக்கு அருகே முகம் குப்புறக் கிடந்தேன். எழும்பி மண்ணைத் தட்டியபிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. சம்மாட்டி உள்ளே போய் ஒலிபெருக்கியைக் கழற்றிக் கொண்டுவந்து கிணற்றில் போட்டார். அன்றிலிருந்து அந்தப் பொம்மரைச் சத்தமில்லாமல்தான் ஓட்டுவது என்பது ஊர் வழக்கமாகிவிட்டது.

அந்தக் குழுவில் அதே பெயின்டை இறக்கிப் பறந்த வேறு எவருக்கும் கீழே பாலைவனந்தான் தெரிந்தது. எங்களுக்கு மட்டும் ஊர் தெரிந்தது, நாங்களும் அதற்கேற்றபடி நடந்துகொண்டோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கடைக்குள் போவது, திங்கள் கரைத்தெரு, செவ்வாய் கோயில் தெரு, ஞாயிறு பூசைக்குப் பிறகு வெளிநாட்டுக்காரருக்கு. அவர்கள் கனடாவிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு தொலைபேசியில் முகத்தைக் காட்டி, கொஞ்சம் இடப்பக்கம் எடுங்கோ, அந்தக் கிணத்தடியைக் காட்டுங்கோ என்று கெஞ்சுவார்கள். பெண்கள் பார்க்கப் போகிற நாளில் முழுகி, நல்ல சேலை உடுத்திப் போனார்கள். கிராம சேவகர் ஒருநாள் வந்து, பத்து வருடமாக இழுபட்ட வேலிப் பிரச்சினை ஒன்றுக்கு எல்லைக் கட்டை எங்கே நின்றது என்று மேலேயிருந்து பார்த்துத் தீர்த்துவைத்தார், தோற்றவன் அந்த விளையாட்டையே பொய் என்று ஒரு கிழமை திட்டிவிட்டு, எட்டாம் நாள் செத்த தகப்பனைப் பார்க்க வரிசைக்கு வந்தான். பங்குத்தந்தை பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பழைய கோயிலின் முகப்பைப் பார்க்க இரண்டுமுறை வந்துபோனார். ஓட்டுவதற்கு நாங்களே பழகினோம். விமானத்தைத் திருப்புகிற கைபிடிக்குச் சுக்கான் என்று பெயர் வைத்தோம், அமலதாஸுக்குப் பக்கத்தில் இருந்து, கரணம் போடாமல் தாழப் பறந்து, ஒரு வீட்டை மூன்று தரம் சுற்றுவது எப்படி என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டோம். காலை முழுக்கக் கூரைகளுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். இதே வரியை மேலே ஒருதரம் வேறொருவனைத் திட்டி எழுதியிருக்கிறேன்.

ஒரேயொரு குறை. கீழே இருந்தவர்கள் எப்போதும் ஓடிக்கொண்டேயிருந்தார்கள். எந்த வீட்டுக்கு மேலே போனாலும், தலையில் கையை வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முதுகு மட்டும் தெரிய ஓடி மறைந்தார்கள். என் அக்காவின் வகிட்டை முப்பது தரம் பார்த்திருப்பேன், முகத்தை ஒருதரமும் பார்க்கவில்லை. அமலதாஸ் மெற்றில்டாவின் பின்னலை மட்டுமே பார்த்தான். ஏன் ஓடுகிறார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் சத்தத்தைக் கிணற்றில் போட்டவர்களுக்கு அது மறந்தே போய்விட்டது. மழைக்கு ஓடுகிறார்கள் என்றோம், பூசைக்கு நேரமாகிவிட்டது என்றோம், கடைசியில், ஓடினாலும் உயிரோடு ஓடுதுகள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

ஓடாமல் நின்றவர் வஸ்தியாம்பிள்ளை ஒருவர்தான். திரேசம்மாவின் முறை வரும்போதெல்லாம் அவர் முற்றத்தின் நடுவில் நின்று, கையை நெற்றியில் வைத்து, நேரே மேலே அவளைப் பார்த்தார். அவள் தன் புருஷனின் முகத்தை ஆற அமர, மீசையின் நரை வரை பார்த்துவிட்டுப் போவாள். எங்களுக்குப் பொறாமை. ஒரு காலை, வரிசையில் நின்ற யாரோ, உனக்கு மட்டும் என்ன கொடுப்பினை, எங்கட ஆக்கள் மட்டும் ஏன் ஒருக்காலும் நிமிர்ந்து பார்க்கினமில்லை என்று அவளைச் சீண்டினார்கள். திரேசம்மா சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அவருக்குக் காது கேளாது. அதான் நிண்டு பாக்கிறார். உங்கட ஆக்களுக்குக் கேக்குது, அதான் ஓடீனம்."

நாங்கள் யாரைப் பார்க்க உடுத்திக்கொண்டு வந்தோமோ அவர்கள் எங்களைக் கண்டுதான் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பாதிப்பேர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அக்காவை முப்பது தரம் பங்கருக்குள் துரத்தியிருக்கிறேன் என்று நான் வீட்டில் குந்தியிருந்து அழுதேன். இரண்டு நாள் ஒருவரும் பறக்கவில்லை.

மூன்றாம் நாள் அமலதாஸ் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டனுப்பினான். பதினேழு வருடத்தில் அவன் எங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். எஞ்சினை உயரத்தில் நிறுத்திவிட்டு, கடல் பக்கமிருந்து வழுக்கிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னான். சத்தம் இருக்காது, சத்தம் இல்லாவிட்டால் அவர்கள் ஓடமாட்டார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள், முகம் தெரியும். அந்த உயரத்தில் நிறுத்தின எஞ்சின் திரும்ப உயிர்க்காது என்பதால் ஒரேயொரு தரந்தான், பொம்மரைக் களப்பில் விழுத்த வேண்டும். சம்மாட்டி கச்சான் காற்றுக்குத் தோணி பிடிக்கிற கணக்கில், எந்த உயரத்தில் விட்டால் கோயிலைத் தாண்டி வீடுகளில் முட்டாமல் தண்ணீரில் போய் விழும் என்று விரலை மடக்கிச் சொன்னார். எல்லாம் பேசி முடிந்தபிறகு அமலதாஸ் என்னைப் பார்த்தான்.

"பொம்மர் சத்தமில்லாமல் வருமோ எண்டு நீங்கள் கேட்டனீங்கள் அண்ணை. வாங்கோ, காட்டுறன்."

அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். மெற்றில்டாவின் முகமும் வேண்டும், அதைவிட நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் ஒரு பொம்மர் ஊருக்கு மேலே வருவதைக் கண்ணால் காண வேண்டும். அதற்கு மேலே அவன் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டிய நாங்களும் யோசிக்கவில்லை, எங்களுக்கு முகம் வேண்டியிருந்தது.

காலை எட்டு மணி தாண்டித் தொடங்கினோம். கடை கொள்ளாத கூட்டம், கதவுநிலையிலும் கண்ணாடி யன்னலிலும் முகங்கள். கடலுக்கு மேலே நன்றாக ஏறி, மூக்கைக் கரைப்பக்கம் திருப்பி, அவன் எஞ்சினை நிறுத்தினான். கரை வந்தது, தோணிகள் வந்தன, கிடுகு வேலிகள் வந்தன, ஒருவரும் ஓடவில்லை. மெற்றில்டா குசினியிலிருந்து வெளியே வந்தாள். முதலில் அவள் பார்த்தது எங்களை இல்லை, பூவரசடியைப் பார்த்தாள். மரத்தடியில் கையில் கம்பியோடு ஓர் இளந்தாரி, தலையை ஒரு பக்கம் சரித்து, காதைக் கொடுத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி மேலே பார்த்து நின்றான், அடிக்கவில்லை. அவன் அடிக்காததால் அவளுக்குப் பயம் இல்லை. கையை நெற்றியில் வைத்து எங்களை நிமிர்ந்து பார்த்தாள். மேல் பல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னுக்கு நிற்கும் அவளுக்கு, அது தெரிகிற அளவுக்குப் பார்த்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, வந்து பாருங்கோ என்று கையைக் காட்டினாள். மாக் கையோடு என் அக்கா வந்தாள், கடலுக்குப் போகாத ஆண்கள் வந்தார்கள், வஸ்தியாம்பிள்ளை ஏற்கனவே நின்றார். எல்லோரும் வெட்டவெளிக்கு வந்து, ஒருவருக்கொருவர் விரலால் காட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்தார்கள். கடைக்குள் எல்லோரும் அழுதோம், சந்தோசத்தில் அழுதோம். நான் அமலதாஸின் தோளில் கையை வைத்து, "நீ சொன்னது மெய்தான்" என்றேன். பதினேழு வருடம் அவன் காத்திருந்த சொல் அது. அவன் தலையை ஆட்டினான், திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது பொம்மர் கோயிலைத் தாண்டியது. களப்புப் பக்கக் கூரை தெரிந்தது. அதில் புது நீலத் தறப்பாள் கட்டியிருந்தது.

கட்டினவன் நான், என் முடிச்சு எனக்குத் தெரியும், அது அங்கே கிடந்தது அந்த ஒரு காலை மட்டுந்தான். யாரோ கூட்டத்திலிருந்து பத்தொன்பது என்று சொன்னார்கள், வெட்டவெளியில் நின்றவர்களை எண்ணியிருக்கிறார்கள். அமலதாஸ் எஞ்சினைக் கிளப்பும் பொத்தானை அமத்தினான், விடாமல் அமத்தினான். சத்தம் வேண்டும், ஒரு கொஞ்சச் சத்தம், அவர்கள் கேட்டு ஓடுகிற அளவுக்குச் சத்தம். அது உயிர்க்கவில்லை. கடைசியில் அவன் திரையில் மரத்தடி தெரிந்த இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், அந்த இளந்தாரியைப் பார்த்துக் கத்தினான்.

"அடியடா. கேக்காட்டிலும் அடி. அடியடா."

களப்பில் விழுந்தோம். விழுந்தால் அந்த விளையாட்டின் வழக்கம், திரை தானாகவே வெளியே வந்து, விழுந்த இடத்தை எட்ட நின்று காட்டும். தண்ணீரும், தண்ணீருக்கு அப்பால் கோயிலும், அதற்கு மேலே வானமும் தெரிந்தன. கடல் பக்கமிருந்து இரண்டாவது வந்தது. அதை எங்களில் யாரும் ஓட்டவில்லை. அமலதாஸ் பூசாத ஒரு எண்ணெய்க் கறை அதன் வயிற்றில் இருந்தது. நாங்கள் ஒலிபெருக்கியைக் கிணற்றில் போட்டிருந்ததால் குண்டு விழுந்த சத்தமும் கேட்கவில்லை. நீலத் தறப்பாள் ஒருதரம் மேலே எழும்பியது, அவ்வளவுதான். பிறகு பாலைவனம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை தரம் ஏற்றிப் பார்த்தாலும் பாலைவனந்தான்.

நாங்கள் இப்போது அவனை நம்புகிறோம். ஆண்டுத் திருப்பலிக்கு வா, முன்வரிசையில் இரு என்று பங்குத்தந்தையோடு வீட்டுக்கே போய்க் கேட்டோம். நான் காலில் விழாத குறை. அவன் எங்களுக்குத் தேநீர் தந்தான், ஒருவரையும் நோகச் சொல்லவில்லை, வரவும் இல்லை. குற்றம் இல்லாமலே அவன் பதினேழு வருடம் பழியோடு இருந்தான், இப்போது பழி போய்விட்டது என்று நாங்கள் சொல்லப்போன நேரத்தில் அந்தப் பழி உண்மையாகிவிட்டிருந்தது. அந்தச் சத்தமில்லாத முதலாவதை ஓட்டினது அவனும் நாங்களுந்தான்.

போன மாதம் கடைக்குப் போனேன். அவன் அந்தப் பொம்மரின் முதுகைப் பூசிக்கொண்டிருந்தான். எதைப் பார்த்துப் பூசுகிறாய் என்று நான் கேட்கவில்லை. பின்லாந்துக் கிழவர் கேட்டிருந்தார், முதுகுக்கு என்ன ஆதாரம் என்று. அமலதாஸ் எழுதியிருந்த பதிலைக் காட்டினான்: "நாங்கள் அதற்கு மேலே இருந்தோம்." கண்ணாடி மூடிக்குக் கீழே, விமானியின் பெயர் எழுதுகிற இடத்தில், தமிழில் சின்ன எழுத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். அதற்குக் கீழே சந்தியோகுச் சம்மாட்டியின் பெயரும், கரைத்தெருக்காரர், கோயில் தெருக்காரர் பெயர்களும், கனடாக்காரர் பெயர்களும், திரேசம்மாவின் பெயரும் வரிசையாக இருந்தன. அவர்கள் ஒவ்வொருவரும் தாங்களாகவே வந்து எழுதச் சொன்னதாகச் சொன்னான்.

என் பெயரையும் எழுது என்றேன். அவன் எனக்குத் தன் பெயருக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தான்.